ஐப்பசிக் குறிப்புகள்

அக்டோபர் 19

பக்கவாதம் வந்த அப்பாவின் வாயில் இன்றும் "சரி" மட்டும்தான். தண்ணீர் வேண்டுமா, சரி. வலிக்கிறதா, சரி. விளக்கை அணைக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று இடது கையை ஆட்டிக்கொண்டே, அதற்கும் சரி. கோபம் வந்தால் அதே சொல்லைத்தான் உரக்கச் சொல்கிறார். சொன்னதும் தன் காதிலேயே விழுந்து, கண்ணை மூடிக்கொள்கிறார்.

அக்டோபர் 20

அப்பா வேலனாக நின்ற மேடைகள் கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன. வள்ளி திருமண நாடகம், நடு இரவு தாண்டி, வேலனும் வள்ளியும் மடக்கி மடக்கிப் பாடிப் பேசும் தர்க்கம். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. கதாநாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட் ஒரு ஊர், நாயகி வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் வேறொரு ஊர், மிருதங்கம் இன்னொரு ஊர். சாயங்காலம் பஸ் இறங்கி, வேஷம் போட்டு, மேடையில்தான் முகம் பார்ப்பார்கள். எல்லோரையும் சேர்த்துக் கட்டுவது நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாடம் ஒன்றுதான். நூறு வருஷத்துக்கு முந்தைய பாட்டு, யார் எடுத்தாலும் மற்றவருக்குத் தொடரத் தெரியும். ஆனால் தர்க்கத்தில் பாடத்தைத் தாண்டி ஓடுவார்கள். புராணம், விடுகதை, ஊர் வழக்கு, எதை வைத்தும் வள்ளி மடக்கலாம். அந்த நொடியே, அந்தத் தாளத்திலேயே பதில் வர வேண்டும். அப்பா ஒருமுறைகூடத் திணறி நான் பார்த்ததில்லை. எதிரில் நிற்பவர் புதுப் பெண் என்றால், அவளுக்கே பதிலை எடுத்துக் கொடுத்துவிட்டு அதற்குத் தான் தோற்பார்.

அந்த வாய்.

அக்டோபர் 21

பிசியோ தம்பி வரவில்லை. அப்பாவின் வலது கை வீங்கியிருக்கிறது.

அக்டோபர் 22

சுவாமிகளுக்கும் இதே பக்கவாதம்தான். சின்ன வயதிலிருந்து அப்பா சொல்லிக் கேட்டதுதான், ஆனால் இப்போதுதான் உறைக்கிறது. கடைசிக் காலத்தில் பேச்சு போய், கை கால் விழுந்து, அப்படியே கம்பெனியோடு ஊர் ஊராகப் போயிருக்கிறார். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய சிறுவர் நாடகக் கம்பெனி அது, தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. ஆறு வயதில் அதில் சேர்ந்த பிள்ளைதான் பின்னாளில் நடிகர் அவ்வை சண்முகம். இத்தனை பிள்ளைகளுக்கும் வாயில் சொல் வைத்த மனிதர். பக்கத்து அறையில் பிள்ளைகள் பாடம் சொல்லும்போது படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்திருப்பார். ஒருவன் ஒரு அடியை விழுங்கினால்? சந்தம் ஒரு மாத்திரை நழுவினால்? புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையிடம் மகன்போல இருந்து லயம் கற்றவர் அவர். நழுவியது காதுக்குத் தெரியும். திருத்த வாய் வராது.

இதை நினைக்காமல் அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்க முடியவில்லை.

அக்டோபர் 24

ஆஸ்பத்திரியில் புதுப் படிவம். தொழில் என்ற இடத்தில் "நாடக நடிகர்" என்று எழுதிக் கொடுத்தேன். கணினியில் ஏற்றியவர் "கூலி" என்று அடித்திருந்தார். மாற்றச் சொன்னேன். எல்லாம் ஒன்றுதானே என்றார். மாற்றும்வரை வரிசையை விட்டு நகரவில்லை.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபை தொடங்கினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் மேடை ஏறினார்கள், நாடகத்துக்கு மரியாதை வந்தது. அது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அதே காலத்தில் சுவாமிகளின் பிள்ளைகள் நாடகத்தையே சோறாக நம்பி இருந்தார்கள். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி ஆள்வரை கேட்க உச்சத்தில் பாடினார்கள். அந்தப் பக்கம் போன மரியாதை இந்தப் பக்கம் வரவே இல்லை. கூத்தாடிக்கு வீடு இல்லை என்று எங்களுக்கே சொல்லியிருக்கிறார்கள்.

அக்டோபர் 25

ஐப்பசியில் நாடகம் குறைவு. ஆர்மோனிய மாமா தினமும் வருகிறார். அபிமன்யு சுந்தரி கதையை இன்று அப்பாவுக்குச் சொன்னார். சுவாமிகள் ராத்திரி விளக்கோடு உட்கார்ந்து, விடிவதற்குள் பாட்டும் வசனமுமாக முழு நாடகத்தையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்தது. அப்பாவுக்குத் தெரியாத கதையா? மாமா வேண்டுமென்றே நடுவில் ஒரு இடத்தைத் தப்பாகச் சொன்னார், அப்பா திருத்துவாரா என்று பார்க்க. அப்பா புரிந்துகொண்டார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

மாமா மேல் அவ்வளவு கோபம் எனக்கு. அப்புறம் பார்த்தால் வாசலில் நின்று அழுகிறார்.

அக்டோபர் 28

பேச்சுப் பயிற்சி தரும் அம்மா சொன்னது: பேச்சு பெரும்பாலும் மூளையின் இடப்பக்கம், அங்கேதான் அப்பாவுக்கு அடி. பாட்டுக்கு வலப்பக்கமும் துணை நிற்கும். பேச வராதவர்கள் சிலர் பழகிய பாட்டைச் சொல்லோடு பாடிவிடுவார்களாம். "உங்க அப்பாவுக்குப் பாட்டு தெரியுமா?" என்று கேட்டார். எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை.

அக்டோபர் 29

தூக்கம் இல்லை. பாட்டும் வராமல் போனால்?

நவம்பர் 1

அப்பா கண்ணாடி கேட்டார். சைகைதான். வேஷப் பெட்டியில் இருக்கும் கண்ணாடி, ஓரத்தில் அரிதாரம் இன்னும் ஒட்டியிருக்கிறது. கோணிய வாயை வெகுநேரம் பார்த்தார். இடது விரலால் வலது கன்னத்தைத் தூக்கிப் பிடித்தார், விட்டார். திரும்பத் தூக்கிப் பிடித்தார்.

சுவாமிகள் சனீஸ்வரன் வேஷம் கட்டி, விடியற்காலை கலைக்கப் போகும் வழியில், அவர் கோலத்தைக் கண்ட கர்ப்பிணி ஒருத்தி பயத்திலேயே இறந்துபோனாள் என்று சொல்வார்கள். அதோடு வேஷம் கட்டுவதையே விட்டாராம். எமன், இராவணன், இரணியன் என்று மிரட்டிய முகம். அதன்பிறகு எழுத்தும் பிள்ளைகளும்தான். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அப்பா குரலைத் தாழ்த்துவார்.

கண்ணாடியை அம்மா வாங்கி உள்ளே வைத்துவிட்டாள்.

நவம்பர் 4

மாமா பழக்கத்தில் ஆர்மோனியத்தை ஐந்து கட்டையில், மேடையின் உச்சச் சுருதியில், பிடித்துவிட்டார். அப்பா உதட்டை இறுக்கிக்கொண்டார். நான் சைகை காட்ட, மாமா ஒன்றரைக்கு இறக்கினார். அப்பாவை அந்தச் சுருதியில் யாரும் கேட்டதில்லை. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வேலன் வரும் பாட்டு. முதலில் காற்று மட்டும். அப்புறம் இழுப்பு. மூன்றாவது சுற்றில் "வள்ளி" வந்தது. தெளிவாக, ளகரம் ளகரமாகவே. இடது கை தொடையில் தாளம் போட்டது, ஒன்றுகூடத் தவறவில்லை. பாட்டு நின்றதும், "இன்னொரு தரம் அப்பா?" என்றேன்.

"சரி" என்றார். நிஜமாகவே சரி என்று சொன்னதா, அந்தப் பழைய சரியா?

நவம்பர் 6

இன்று வரவில்லை. ஒன்றும்.

நவம்பர் 8

நவம்பர் 13 குருபூஜை. 1922இல் அந்தத் தேதியில்தான் சுவாமிகள் புதுச்சேரியில் காலமானார். சமாதி கருவடிக்குப்பத்தில். அப்பா வருஷம் தவறாமல் போவார். நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். மருத்துவர் அவ்வளவு தூரம் கூடாது என்கிறார். இங்கே மதுரைத் தமுக்கத்தில் இருக்கும் சுவாமிகள் சிலைக்கு மாலை போட்டால் போதாதா என்று அம்மா. பேச வராத அப்பாவைச் சக நடிகர்கள் முன்னால் உட்கார வைக்க அம்மாவுக்கு மனசில்லை, அதுதான் விஷயம். எனக்கும் பயம்தான். ஆனால் பேச்சற்றுக் கிடந்த ஒரு மனிதரை அந்தக் கம்பெனி கடைசிவரை கூடவே வைத்திருந்தது. அவருடைய சமாதியில் அப்பாவுக்கு என்ன வெட்கம்?

நவம்பர் 11

மருத்துவர் அரை மனதாக ஒப்புக்கொண்டார். படுத்துக்கொண்டே போகணும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தணும், பிபி பார்க்கணும். வேன் நாளை காலை ஐந்தரைக்கு. மாமா ஆர்மோனியம் இல்லாமல் வர மாட்டேன் என்கிறார், படுக்கை போட்டால் அதற்கு இடம் இல்லை, பின் சீட்டைக் கழற்ற முடியுமா என்று டிரைவரைக் கேட்கணும். மாத்திரை எடுத்து வைத்தாச்சு. அப்பாவின் பட்டுத் துண்டு எங்கே போயிற்று என்று தெரியவில்லை, அவர் பீரோவைக் காட்டிக்கொண்டே