இளஞ்சிவப்புத் தண்ணீரில் நீல முட்டை

உயிர்த்த ஞாயிறுக்கு முட்டைகளுக்குச் சாயம் போட நான் கடைச் சாயப் பொடி வாங்குவதில்லை. சிவப்புப் பொடி சிவப்பைத்தான் தரும்; பிள்ளைகள் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. நுவரெலியாவில் காய்கறிக்கா பஞ்சம்? ஒரு ஊதா கோவாவும் மஞ்சள் தூளும் வினாகிரியும் போதும், கேள்விகள் தாமாகவே வரும்.

முதல் கேள்வி அவிக்கும்போதே வந்துவிடுகிறது. எங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கிறது. எவ்வளவு துள்ளிக் கொதித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. ஆகவே கொழும்புக்காரர்கள் சொல்லும் நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாக அடுப்பில் விட வேண்டும். “புத்தகத்தில் 100 என்றுதானே இருக்கிறது, அத்தை?” என்றான் அண்ணன் மகன். அது கடல்மட்டத்துக் கணக்கு என்றதும் முகத்தைச் சுருக்கிக்கொண்டு பானையை எட்டிப் பார்த்தான்.

இனிக் கோவா. பாதியை நறுக்கி அரைமணி நேரம் அவித்து, வடித்து, ஆறவிடுங்கள். ஊதா நிறச் சாறு கிடைக்கும். ஒரு கோப்பைச் சாற்றுக்கு இரண்டு மேசைக்கரண்டி வினாகிரியைப் பிள்ளைகளையே ஊற்றச் சொல்லுங்கள். கரண்டி சாயும்போதே நிறம் இளஞ்சிவப்பாக மாறும். வெள்ளை ஓட்டு முட்டைதான் இதற்கு நல்லது. கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அந்த இடத்தில் சாயம் ஒட்டாது, முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

முட்டையை இறக்கியதும் கண்ணாடிக் கோப்பையைப் பக்கவாட்டில் பாருங்கள். ஓடு முழுவதும் குண்டூசித் தலையளவு குமிழிகள் அரும்பும். ஒன்று கழன்று மேலே போகும், அதே இடத்தில் இன்னொன்று முளைக்கும். ஓடு பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. வினாகிரியின் அமிலம் அதைக் கரைக்க, காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. எங்கள் பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டே தேநீரை ஆறவிட்டுவிட்டார்கள்.

சனி மாலை ஊறப்போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஞாயிறு காலை முட்டை நீலமாக இருக்கும். இளஞ்சிவப்புத் தண்ணீருக்குள் நீல முட்டை! இங்கேதான் பெரியவர்கள் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். மிச்சச் சாற்றைத் தனிக் கோப்பையில் ஊற்றி ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடச் சொல்லுங்கள். அதுவும் நீலமாகும், இன்னும் போட்டால் பச்சைக்குப் போகும். “அப்படியானால் ஓட்டிலும் சோடா மாதிரி ஏதோ இருக்கிறது” என்று மகள் தானாகவே சொன்னாள். சரியான பதில். கோவாவின் நிறப்பொருள் அமிலத்தில் சிவக்கும், காரத்தில் நீலமாகும். ஓடு தன்மேல் படுகிற அமிலத்தை முறித்துவிடுகிறது.

வெங்காயச் சருகில் அவித்தால் செம்பழுப்பு. கரட் இலையை ஓட்டில் ஒட்டி, பழைய நைலான் காலுறைத் துண்டால் இறுக்கிக் கட்டி அவித்தால் இலையின் அச்சு விழும். அழகுதான், ஆனால் எனக்கு மஞ்சள் முட்டைதான் உசத்தி. போன வருடத்துப் பாஸ்கா மெழுகுதிரித் துண்டால் ஓட்டில் சிலுவை வரைந்து, ஆறிய மஞ்சள் தண்ணீரில் ஊறவிட்டால் சிலுவை வெள்ளையாகவே நிற்கும். பிறகு அப்பாயியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்து, ஈர்க்கில் நான் கோடு இழுத்தேன். தோலையும் கண்ணையும் எரிக்கும் என்பதால் பிள்ளைகள் கையில் தருவதில்லை. கோடு பட்ட இடமெல்லாம் சிவந்தது. பக்கத்து வீட்டுச் சிறுமி, “ஆரத்தி!” என்று கத்தினாள். அதே வேலைதான், மஞ்சள் காரத்தில் சிவக்கிறது.

காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைச் சுண்ணாம்பு மெல்ல இழுத்துக்கொள்ள, அந்தச் சிவப்பு மங்கத் தொடங்கும். கடைசியில் அந்தச் சுண்ணாம்பும் கல்சியம் காபனேற்றாகிவிடும், முட்டை ஓட்டைப் போலவே. இதை அடுத்த வருடம் சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன். கோடு ஏன் மங்குகிறது என்று அவர்கள் அதற்குள் கேட்டுவிட்டால் அன்றே சொல்லிவிடுவேன்.