கேட்பதில் எனக்கு இரண்டு சிக்கல்

தமிழில் காதால் கேட்பதற்கும் வாய்விட்டுக் கேட்பதற்கும் ஒரே சொல்தான். எனக்கு இரண்டுமே சிரமம், முதலாவதற்காவது மெஷின் இருக்கிறது.

பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன், இரண்டு காதிலும் மெஷின். கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவாவது மாதிரி, மெஷின் போட்டால் பேச்சும் தெளிவாகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. புது மெஷின்கள் இரைச்சலை ஓரளவு வடிகட்டினாலும், பேச்சோடு சேர்த்து ஏசி சத்தத்தையும் யாரோ பேனாவை டக் டக்கென்று தட்டுவதையும் கூட்டித்தான் கொடுக்கும். கண்ணாடிச் சுவர் வைத்த மீட்டிங் அறையில் எதிரொலி வேறு. மிச்சத்தை உதட்டைப் பார்த்து ஊகிக்க வேண்டும், உதட்டிலோ ப-வும் ம-வும் ஒன்றுதான். பணம் என்றாலும் மணம் என்றாலும் கண்ணுக்கு ஒரே அசைவு. (பட்ஜெட் மீட்டிங் என்றால் பிரச்சினையில்லை, பணமாகத்தான் இருக்கும்.) பேசுகிறவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகமே இருட்டு, ஊகமும் போச்சு. மதியம் மூன்று மணிக்கெல்லாம் மண்டை காய்ந்துவிடும்.

நான் கேட்டவை: வெளிச்சம் பேசுகிறவர் முகத்தில் விழும்படி இருக்கை, வீடியோ காலில் கேப்ஷன், ஒரு நேரத்தில் ஒருவர் பேசுவது, பேசப்போவதை முன்கூட்டியே மெயிலில் அனுப்புவது. செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. தீ அலாரத்தோடு ஒளிரும் விளக்கு ஒன்றுக்குத்தான் காசு ஆகும், அதற்குத்தான் மாதக்கணக்கில் இழுத்தார்கள். கழிப்பறையில் தனியாக இருக்கும்போது அலாரம் அடித்தால் எனக்கு யார் சொல்வார்கள்?

முதல் மேனேஜர் நான் கேட்ட மறுநாளே மற்றதையெல்லாம் செய்துவிட்டார். அப்புறம் அவர் மாறினார். புதியவரிடம் ஆனா ஆவன்னாவிலிருந்து. அடுத்தவரிடமும் அப்படியே. நான்காவது ஆள் "நல்லாத்தானே பேசுறீங்க?" என்றார். பேசுவதில் குறை என்று நான் எப்போது சொன்னேன்!

எங்கள் தளத்தில் சக்கர நாற்காலியில் வரும் தோழி ஒருத்தி இருக்கிறாள். வாசலில் சாய்தளம் உண்டு, பளபளப்பாக. கழிப்பறைக் கதவுக்குள் நாற்காலி நுழையாது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் அவள் கண்ட வழி, ஆண் மேலாளரிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்று வருடக்கணக்கில் வாயே திறக்கவில்லை. இன்னொரு பக்கம் பார்வை மங்கிவரும் ஒரு நண்பர், பதவி உயர்வு போய்விடும் என்று பயந்து, திரையில் எழுத்தைப் பெரிதாக்கக்கூட ஆள் இல்லாத நேரம் பார்க்கிறார்.

2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, அளவுக்கு மீறிய சுமை இல்லாத நியாயமான மாற்றத்தை மறுப்பதே பாகுபாடு என்று 2-வது பிரிவில் சொல்கிறது. 27-வது பிரிவு வேலையிடத்தையே குறிப்பிடுகிறது. சரி, யாரும் என்னை மறுக்கவில்லையே. மறந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் சலுகை கேட்கிற முகத்தோடு போய் நிற்பது நான்தான்.

அதனால் என் தேவைகளை அரைப் பக்கத்தில் எழுதி ஹெச்ஆரிடம் கொடுத்தேன். யார் மேனேஜராக வந்தாலும் முதல் நாளே அவர் கைக்குப் போக வேண்டும், நான் போய்ச் சொல்ல மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். போன வாரம் ஐந்தாவது ஆள் வந்தார். படித்தாரா என்று கேட்கவில்லை. மீட்டிங்கில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார்.