தசைக்கு இருக்கும் இன்னொரு வழி

எங்கள் சித்தப்பாவுக்குச் சுகர் வந்து பல வருஷம் ஆகிறது. "அதான் மாத்திரை போடுறேன்ல, அப்புறம் எதுக்குப்பா நட நடன்னு உசுர வாங்குறீங்க?" என்பார். நடந்தால் நல்லது என்று ஆளாளுக்குச் சொன்னார்களே தவிர, ஏன் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

ரத்தத்தில் இன்சுலினை உயர்த்தி வைத்து அளந்து பார்த்தால், உடம்பு எடுத்துக்கொள்ளும் குளுக்கோஸில் ஏறக்குறைய 80 சதவீதம் தசைக்குத்தான் போகிறது. ஆனால் அது தானாக உள்ளே நுழையாது, குளூட்-4 என்ற புரதம் கடத்திவிட வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்தப் புரதத்தில் பெரும்பகுதி டிப்போவில் நிற்கும் பஸ் மாதிரி செல்லுக்குள்ளேயே குட்டிக் குட்டிப் பைகளில் கிடக்கும். இன்சுலின் செல்லின் மேலிருக்கும் ஏற்பியில் வந்து ஒட்டியதும் பிஐ3 கைனேஸ், அடுத்து ஏகேடி என்று செல்லுக்குள் இருக்கும் நொதிகளிடம் சமிக்ஞை கைமாறி, கடைசியில் பைகளைப் பிடித்து வைத்திருக்கும் டிபிசி1டி4 என்கிற புரதத்தின் தடை விலகுகிறது. பைகள் செல் சவ்வுக்கு வந்து சேர, சர்க்கரை உள்ளே போகிறது. டைப் 2 சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தத் தொடர்தான் மக்கர் பண்ணுகிறது. இன்சுலின் இருந்தும் குளூட்-4 போதுமான அளவு மேலே வராது.

நடக்கும்போது கதையே வேறு. தசை சுருங்க கால்சியம் வெளிவருகிறது, செல்லின் எரிபொருளான ஏடிபி செலவாகச் செலவாக ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொள்கிறது, தசை இழுபடுவதே ஒரு சமிக்ஞையாகிறது. இவையெல்லாம் இன்சுலின் ஏற்பியின் பக்கமே போகாமல் அதே குளூட்-4ஐ மேலே கொண்டுவந்துவிடுகின்றன! சர்க்கரை நோயாளியின் தசையிலும் இந்த வழி பெரும்பாலும் கெடாமல் இருக்கிறது என்பதை முதலில் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இன்னொன்று. கோபன்ஹேகனில் எரிக் ரிக்டர் குழுவினர் 1989இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களை ஒரே காலால் மட்டும் பயிற்சி செய்ய வைத்து, சில மணி நேரம் கழித்து இன்சுலின் ஏற்றி இரண்டு கால்களையும் அளந்தார்கள். ஒரே ஆள், ஒரே ரத்தம், ஒரே இன்சுலின்தான், ஆனால் உழைத்த கால்தான் அதிகமாகச் சர்க்கரையை இழுத்தது. அதாவது நடந்து முடித்த பிறகும் அந்தத் தசை இன்சுலின் சொன்னதை நன்றாகவே கேட்கிறது. இது 48 மணி நேரம் வரைகூட நிற்கலாம் என்பதால் தொடர்ந்து இரண்டு நாள் நடக்காமல் விடாதீர்கள்.

இப்போது சித்தப்பா ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் என்னோடு தெப்பக்குளத்தைச் சுற்றி வருகிறார், பரோட்டா சால்னா என்றால் கூடுதலாக ஒரு சுற்று. போன வாரம் நடந்துகொண்டே, "சரி, அப்ப மாத்திரைய நிறுத்திரலாமா?" என்றார். கூடவே கூடாது. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை முக்கியமாகக் கல்லீரல் சர்க்கரையைக் கொட்டுவதைக் குறைக்கிறது, அந்த வேலையை நடை செய்துவிடாது. கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு நடையும் மருந்தும் சேர்ந்து சர்க்கரையை ரொம்பவே இறக்கிவிடலாம், அதனால் சட்டைப்பையில் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். தொடையில் ஊசி போட்ட கையோடு நடக்கக் கிளம்பாதீர்கள், உழைக்கும் காலிலிருந்து இன்சுலின் சீக்கிரமாக ரத்தத்தில் ஏறிவிடும்.