உணர்ச்சியற்ற தேமலும் தோல் கிளினிக் துண்டும்

முன்கையில் இருந்த வெளிறிய தேமல் தொழுநோய் என்று உறுதியாகி எனக்குச் சிகிச்சையும் தொடங்கிவிட்டது. ஆயினும் அதைக் கண்டறியக்கூடிய ஒருவர் முன் போய் உட்காருவதற்குப் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை.

முதல் தடங்கல் மருந்துக்கடையில். ஒரு கேள்வியும் கேளாமல் பெட்டாமெத்தசோன் களிம்பை நீட்டினார்கள். இத்தகைய ஸ்டீரொயிட் களிம்புகள் சிவப்பையும் அரிப்பையும் அடக்கி நோயின் தோற்றத்தையே மாற்றிவிடுவதால், பின்னர் பார்க்கும் வைத்தியருக்குக் கணிப்பது கடினமாகிறது. எனக்கோ அரிப்பே இல்லை. சூடான சட்டி அந்த இடத்தில் பட்டும் சுடவில்லை. தேமலில் உணர்ச்சி குறைந்திருந்தால் களிம்பு தேடாமல் வைத்தியரிடம் போங்கள்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியபோது, வைத்தியசாலையில் வெளிநோயாளர் இலக்கங்கள் முடிந்திருந்தன. தோல் கிளினிக் வாசலில் இருந்த எழுதுவினைஞர், வெளிநோயாளர் பிரிவிலிருந்து துண்டு, அதாவது அனுப்பும் கடிதம், கொண்டுவந்தால்தான் பதிவு என்று தலை நிமிராமலே சொன்னார். தூரத்திலிருந்து வருபவர்கள் ஊர் வைத்தியசாலையிலேயே கடிதம் பெற்று, கிளினிக் நாளையும் கேட்டறிந்து புறப்படுவது நல்லது.

ஒருவாறு துண்டு பெற்று உள்ளே போனபின் எல்லாம் விரைவாக நடந்தது. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார்கள், முழங்கை நரம்பைத் தடவிப் பார்த்தார்கள், காதுமடலில் சிறிது கீறி மாதிரி எடுத்தார்கள்.

மருந்து இலவசம், தேமல்களின் எண்ணிக்கையையும் மாதிரியின் முடிவையும் பொறுத்து 6 அல்லது 12 மாதங்கள். ஆனால் அட்டையைப் பதிந்தவர், நிறைந்த வாங்குகளுக்கு நடுவே நோயின் பெயரை உரக்க வாசித்தார். ஒரு காலத்தில் நோயாளரை வாவிக்குள் இருக்கும் மாந்தீவில் ஒதுக்கி வைத்த மாவட்டம் இது. அந்தச் சொல்லைக் கேட்டதும் பக்கத்திலிருந்தவர் தள்ளி உட்கார்ந்தார். நான் திரும்பிச் சென்று வைத்தியரிடம் முறையிட்டேன். அதன் பின் என் அட்டை உள்ளறையிலேயே வைக்கப்படுகிறது.

அந்த மருந்துகளில் ஒன்றான ரிபாம்பிசின் எடுத்த அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும். யாரும் சொல்லாததால் நான் பயந்துபோனேன், நீங்கள் பயப்பட வேண்டாம். வீட்டாரையும் பரிசோதிக்க வேண்டும் என்றபோது, அவர்கள் எல்லோருக்குமான துண்டுகளை அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டுதான் கதிரையை விட்டு எழுந்தேன்.