மூன்றாவது சிலிண்டரும் ஒரு ரப்பர் சீலும்

காலையில் ஸ்டார்ட் செய்ததுமே ஸ்டியரிங் லேசாக உதறியது. ஐடிலிங்கில் ஒரு சீரான சத்தம் இருக்குமே, அதில் நடுநடுவே ஒரு அடி விட்டுப்போனது. மேடு ஏறும்போது மிதித்தால் பிக்கப் இல்லை, வண்டி வெட்டி வெட்டிப் போனது. மிஸ்ஸிங்தான், அதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, சந்தேகமே இல்லை. செக் இன்ஜின் விளக்கு முதலில் நிலையாக எரிந்தது, அழுத்தி மிதித்ததும் மின்ன ஆரம்பித்தது.

மின்னினால் அதோடு ஓட்டாதீர்கள். வேகத்தைக் குறைத்து, முடிந்தவரை சீக்கிரம் ஓரம் கட்டி நிறுத்திவிடுங்கள். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே புகைக்குழாய்க்குள் போய், புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரியும். அது அளவுக்கு மீறிச் சூடாகி உள்ளே இருக்கிற தேன்கூடு போன்ற பகுதி உருகி அடைத்துக்கொள்ளும். பிளக் (பெட்ரோலைப் பற்றவைக்கிற பொறியைத் தருவது), காயில் (பிளக்குக்கு உயர் மின்சாரம் தருவது) இவற்றோடு முடிய வேண்டிய செலவு அங்கே போய் நிற்கும்.

வண்டி நன்றாக ஆறிய பிறகு கோளாறைப் படிக்கிற ஸ்கேனரை டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கிற ஓபிடி சாக்கெட்டில் செருகிப் பார்த்தேன். பி0303 என்று எரர் கோடு வந்தது. இந்த வரிசையில் கடைசி எண்தான் சிலிண்டர் எண், அதாவது மூன்றாவது சிலிண்டர். பி0300 வந்தால் மிஸ்ஸிங் ஒரே இடத்தில் இல்லை, பல சிலிண்டர்களில் மாறி மாறி வருகிறது என்று அர்த்தம். கம்ப்யூட்டருக்கு இது எப்படித் தெரிகிறது என்றால், ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்க் ஷாஃப்டை ஒரு தள்ளு தள்ளும். ஒரு தள்ளு வராவிட்டால் கிராங்க் அந்தக் கணத்தில் இம்மியளவு வேகம் குறையும், சென்சார் அதைப் பிடித்துவிடும். ஆக எந்த சிலிண்டர் என்று அது சொல்லும், ஏன் என்று சொல்லாது. எரர் கோடைப் பார்த்தவுடன் நான்கு பிளக், நான்கு காயில் என்று வாங்கி மாட்டுபவர்கள் இந்த இடத்தில்தான் பணத்தை விடுகிறார்கள்.

ஏன் என்று கண்டுபிடிக்க, சாமானை இடம் மாற்றிப் பார்ப்பதைப் போல எளிய வழி வேறு இல்லை. மூன்றில் இருந்த காயிலை ஒன்றிலும், ஒன்றில் இருந்ததை மூன்றிலும் மாட்டினேன். (பெரும்பாலான வண்டிகளில் பெல்ட் இருக்கிற பக்கம்தான் ஒன்று, ஆனாலும் மேனுவலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.) எரர் கோடை அழித்துவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டினேன். பி0301 வந்தது. மிஸ்ஸிங் காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது, அப்படியென்றால் கோளாறு காயிலில். கோடு மூன்றிலேயே நின்றிருந்தால் அடுத்து பிளக்கை மாற்றிப் பார்த்திருப்பேன், அதற்கும் அசையாவிட்டால் பெட்ரோலைப் பீச்சுகிற இன்ஜெக்டர். ஒன்று மட்டும், இன்ஜின் ஓடும்போது காயிலைப் பிடுங்கிப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம், அதில் வருவது பல ஆயிரம் வோல்ட்.

புதுக் காயில் போட்டேன், வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. மூன்று வாரம்தான். மறுபடி பி0303.

இந்த முறை காயிலை உருவியதும் அதன் கீழே பிளக்கின் மேல் உட்காருகிற ரப்பர் உறையை (இதைத்தான் பூட் என்பார்கள்) வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நுனியெல்லாம் ஆயில். போன தடவையும் லேசாக ஈரம் இருந்தது, துணியால் துடைத்துவிட்டு அதைப் பற்றி யோசிக்காமல் மாட்டியிருந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் பிளக் குழிக்குள்ளேயும் ஆயில் தேங்கி நின்றது. இன்ஜினின் மேல் மூடியான வால்வ் கவருக்கு அடியில், ஒவ்வொரு பிளக் குழியையும் சுற்றி ஒரு ரப்பர் சீல் இருக்கும். சூட்டில் வருடக்கணக்கில் வெந்து அது கல் மாதிரி இறுகிவிட்டது, ஆயில் சொட்டுச் சொட்டாகக் குழிக்குள் இறங்கியிருக்கிறது. ஆயில் பட்டால் பூட்டின் ரப்பர் ஊறி இளகிவிடும். அப்புறம் ஸ்பார்க், பிளக்கின் நுனிக்குப் போகாமல் பீங்கானின் வெளிப்பக்கமாகவே இறங்கி இன்ஜின் உடம்புக்குப் போய்விடும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கோடு போட்ட மாதிரி மெல்லிய கறுப்புத் தடம். அந்தத் தடம் விழுந்துவிட்டால் ஸ்பார்க் ஒவ்வொரு முறையும் அதே வழியில்தான் போகும், துடைத்துப் பயனில்லை. பிளக், பூட் இரண்டையுமே மாற்றித்தான் ஆக வேண்டும்.

இந்த சீல்களையும் வால்வ் கவர் கேஸ்கட்டையும் மாற்றுவது ஒரு மதிய வேலை. பிளக்கைக் கழற்றும் முன்பே குழியில் இருக்கிற ஆயிலைத் துணி விட்டு உறிஞ்சி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மொத்தமும் சிலிண்டருக்குள் விழும். கவரையும் அது உட்காருகிற இடத்தையும் பழைய கேஸ்கட் ஒட்டு இல்லாமல் துடைத்துவிட்டு, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக, மேனுவலில் போட்டிருக்கிற முறுக்கு அளவுக்கு (டார்க்) முடுக்க வேண்டும். புதுப் பிளக்கை மாட்டும்போது அதன் தலையில் ஒரு சின்ன ரப்பர் டியூபைச் செருகி, அதைப் பிடித்துக் கையாலேயே திருகுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் டியூப் வழுக்கிவிடும், எடுத்து மறுபடி போடலாம். ஸ்பானரால் ஆரம்பித்தால் அலுமினிய ஹெட்டின் மரை போவது கைக்கே தெரியாது. அதே காரணத்துக்காகத்தான் சூடான இன்ஜினில் பிளக்கைத் தொடக்கூடாது.

காயில், பிளக், இன்ஜெக்டர் எல்லாம் சரியாக இருந்தும் மிஸ்ஸிங் நிற்கவில்லையா? ஸ்கேனரில் ஃப்யூவல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற அளவைப் பாருங்கள். ஐடிலிங்கில் 15, 20 சதவீதம் என்று ஏறி நின்று, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கினால் எங்கேயோ வேக்குவம் கசிகிறது, அதாவது வெளிக்காற்று உள்ளே நுழைகிறது, ஹோஸ்களையும் இன்டேக் கேஸ்கட்டையும் பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று அளப்பது. ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டினால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கட். அதற்கு மேல் வீட்டில் வைத்துச் செய்கிற வேலை இல்லை.

என் வண்டியில் சீல் மாற்றிய பிறகு இரண்டு ஆயில் சர்வீஸ் முடிந்துவிட்டது. இரண்டு முறையும் மூன்றாவது காயிலை உருவி, குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். காய்ந்துதான் இருக்கிறது.