ஷூவுக்குள் துவரம்பருப்பு

வார்டில் 22 வருடம் நின்ற நர்சுக்கு முதியோரைக் கவனிப்பதில் புதிதாகச் சொல்லித்தர என்ன இருக்கிறது என்ற நினைப்போடுதான் அந்த 6 வாரப் பயிற்சிக்குப் போனேன். எங்கள் தாலுகா மருத்துவமனையிலிருந்து யாராவது ஒருவர் போயாக வேண்டும். அந்த வாரம் லீவில் இல்லாதவள் நான்.

முதல் நாள் வகுப்பே இல்லை. ஒரு கூடையைக் கொண்டுவந்து வைத்தார்கள். வாஸலின் பூசிய மூக்குக்கண்ணாடி, காதுக்குப் பஞ்சு, இரண்டு ஜோடி கையுறை, முழங்காலில் சுற்றக் கட்டுத்துணி, ஒரு பிடி துவரம்பருப்பு. பருப்பு ஷூவுக்குள் போட. சர்க்கரை நோயில் பாதம் கெட்டவர்கள் எப்படி அடியெடுத்து வைக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமாம். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, வயதானவர் கோலத்தில் படியேறி, வரிசையில் நின்று, அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுக்க வேண்டும். பிதுக்கியது தரையில் உருண்டு ஓடியது. குனிந்து தடவிக்கொண்டிருந்தபோது, "சீக்கிரம் பாட்டி, பின்னால் ஆள் நிற்கிறது" என்று கத்தினார் பயிற்றுநர். தினமும் காலையில் ஊசி அறை வாசலில் நான் கத்துவது அதேதான், ராகம்கூட மாறவில்லை.

சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பு 1996-லேயே வந்துவிட்டது. கிண்டியில் 2024-இல் 200 படுக்கைகளோடு தனி மருத்துவமனையும் திறந்தாயிற்று. ஆனால் எங்கள் ஊரில் குளியலறையில் வழுக்கி விழும் தாத்தா முதலில் வந்து சேர்வது என்னிடம். அவரைப் படுக்கவைத்து 5 நிமிடம் கழித்து ரத்த அழுத்தம் பார்த்து, எழுந்து நின்ற பின் 1, 3 நிமிடங்களில் மறுபடி பார்க்க வேண்டும்; மேல் அளவு 20 இறங்கினால் விழுந்ததற்குக் காரணம் வழுக்கல் மட்டுமாக இருக்காது. இத்தனை வருடத்தில் யாரையும் நிற்கவைத்து நான் பார்த்ததே இல்லை.

ஞாபகசக்திச் சோதனைதான் எனக்கு ஒப்பவில்லை. 3 சொற்களைச் சொல்லிவிட்டு, கடிகாரம் வரையச் சொல்லி, பிறகு அந்தச் சொற்களைத் திரும்பக் கேட்பது. வீட்டில் மாமியாரிடம் முயன்றேன். பென்சிலே பிடித்தறியாதவர், வட்டம் முட்டையாக வந்தது. ஆனால் பால்காரரின் மாதக் கணக்கை வாயாலேயே தீர்ப்பவர். இதை வகுப்பில் கேட்டபோது பயிற்றுநர் மழுப்பவில்லை. பள்ளிக்குப் போகாதவர்களிடம் கடிகாரத்தை மட்டும் நம்பாதே, முன்பு செய்த எந்த வேலை இப்போது வரவில்லை என்று வீட்டாரிடம் கேள் என்றார்.

செய்முறைத் தேர்வில் முதல் தடவை தோற்றேன். நோயாளியாக ஒரு பாட்டி, பக்கத்தில் மகனாக நடிப்பவர். கேள்விகளையெல்லாம் மகனிடமே கேட்டேன். பாட்டி முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மறுதேர்வுக்கு 10 நாள். அதில் தேறினேன்.

திரும்பி வந்த மாதமே ஒருவரைக் கூட்டிவந்தார்கள். 78 வயது, விவசாயி. இரண்டு நாளாக ஆளே சரியில்லை, இறந்துபோன அண்ணனைக் கூப்பிடுகிறார், வயதாகிவிட்டது அல்லவா என்றார் மகன். இரண்டே நாளில் வந்த குழப்பம் என்றதும் டெலிரியமாக, அதாவது வேறு ஏதோ உடல் கோளாறால் திடீரென்று வரும் புத்தித் தடுமாற்றமாக, இருக்குமோ என்று தோன்றியது. வீட்டில் இருக்கும் மாத்திரைகளையெல்லாம் கொண்டுவரச் சொன்னேன். மஞ்சள் பையைக் கட்டிலில் கவிழ்த்தார்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் நடுவே சளிக்காகக் கடையில் வாங்கிய சி.பி.எம். (குளோர்பெனிரமைன்) மாத்திரை அட்டை, பாதி காலி. வயதானவர்களுக்கு அது சிறுநீரையும் அடைக்கும், புத்தியையும் குழப்பும். அடிவயிற்றைத் தொட்டால் கல்லாக இருந்தது. டாக்டர் குழாய் போடச் சொன்னார். ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகச் சிறுநீர் இறங்கியது.

சளி மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள் காலை, காபி ஆறிப்போயிருக்கிறது என்று என்னைத் திட்டினார். பெயர் சொல்லச் சொன்னேன். சொன்னார். அண்ணன் எங்கே என்றேன். "அவன் போய் 12 வருடம் ஆகிறது, உனக்கு எதற்கு அவன்?" என்றார்.