பெரியப்பாவின் செவர்லே

அம்பாசமுத்திரத்தில் எங்கள் பழைய அரிசி ஆலைக்குள் தவிட்டு மூட்டைகளோடு மூட்டையாக 1998-லிருந்து நின்றது பெரியப்பாவின் கார். 1950-ஆம் வருஷத்து செவர்லே ஸ்டைல்லைன் டீலக்ஸ். துணிக் கூரையை மடக்கிவிட்டுத் திறந்தபடி ஓட்டும் கன்வெர்ட்டிபிள். பெரியம்மா சாவியைத் தந்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "இடது கதவ லேசாத் தூக்கி அடைக்கணும்டே. ஒங்க பெரியப்பா அப்படித்தான் அடைப்பாவ."

அந்தச் சொல்லில்தான் காரின் முழு நோயும் இருந்தது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

பார்த்தவர்கள் எல்லாரும் பழைய பெட்ரோல் இஞ்சினை எடுத்துவிட்டு டீசல் இஞ்சின் வைக்கச் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. 216 கன அங்குலம், அதாவது மூன்றரை லிட்டர், ஆறு சிலிண்டர், 92 குதிரைத்திறன். அந்த இஞ்சினைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது வெறும் கூடுதான். ஆனால் அதில் ஒரு சங்கடம் உண்டு. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டான கனெக்டிங் ராடில் கடையில் வாங்கி மாட்டும் பேரிங் கிடையாது. ஒயிட் மெட்டல் என்னும் மெத்தென்ற உலோகக் கலவையை உருக்கி ராடிலேயே ஊற்றியிருப்பார்கள். மதுரையில் வயதான லேத்காரர் ஒருவர் ஒத்துக்கொண்டார். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதுபோல ராடைச் சூடாக்கி முதலில் வெள்ளீயம் பூசினார். அப்புறம் மெட்டலை ஊற்றி, ஆறவிட்டு, துளையைச் சரியான அளவுக்குக் கடைந்தார். ஆறு ராடுக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கும்போதே செய்துகொள்ளுங்கள்.

ஸ்டார்ட் செய்ததும் ஆயில் அழுத்தம் காட்டும் மீட்டர் 14 பவுண்டைத் தாண்டவில்லை. எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி பதறி இஞ்சினை நிறுத்திவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை. இந்த இஞ்சினில் ராடின் அடியில் இருக்கும் சிறு கரண்டி ஆயிலை அள்ளித் தெறிக்கவிடும். பம்பின் அழுத்தம் குறைவாகத்தான் இருக்கும்.

பெரிய அடி பாடியில் விழுந்தது. தவிடு வருஷக்கணக்காக ஈரத்தை இழுத்து, கதவுக்குக் கீழே ஓடும் தகரப் பெட்டியை அரித்திருந்தது. சாதாரணக் காரில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கூரை சேர்த்துப் பிடிக்கும். திறந்த காரில் கூரை இல்லாததால், சேஸியில் பெருக்கல் குறி வடிவத்தில் கனமான சட்டம் வைத்திருப்பார்கள். மீதிப் பாரம் அந்தக் கதவடித் தகரத்தின்மேல்தான். டிங்கரிங் செய்தவர் முட்டுக் கொடுக்காமல் இடதுபக்கத்தை வெட்டினார். மறுநாள் காலையில் பாடி நடுவில் தொய்ந்து, கதவு மேலே இடித்துக்கொண்டு மூடவே இல்லை. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஜாக்கியால் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக ஏற்றி, இரண்டு கதவு வாசலிலும் இரும்புக் குழாயை நெடுக்கில் வெல்டு செய்து, குறுக்கே ஒன்றும் போட்டு, மறுபடி முதலிலிருந்து வந்தோம். மூன்று மாதம் போனது. திறந்த காரில் முதலில் குழாய், அப்புறம்தான் கட்டர்.

இன்னொரு தவறு என்னுடையது. கூரையைத் தூக்கும் ஹைட்ராலிக்கில் ஓடுவது பிரேக் ஆயில். பெயிண்ட் அடித்த பிறகு சோதித்தேன். கசிந்த ஆயில் பின்பக்கத்தில் ஒரு கை அகலத்துக்குப் பெயிண்டை உரித்துவிட்டது.

ஸ்டார்ட்டர் சோம்பிச் சுற்றியதற்குக் காரணம் யாரோ மாட்டிய மெல்லிய கேபிள். இந்தக் காருக்கு 6 வோல்ட் பேட்டரிதான்; அதற்குக் கனத்த கேபிள் வேண்டும். வெல்டிங் கேபிள் போட்டதும் சரியானது.

ஆர்சி புத்தகம் பத்திரமாக இருந்தது பெரிய உதவி. வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்றினோம். 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் தனி விதி வந்திருக்கிறது. சேஸி, பாடி, இஞ்சின் மூன்றையும் மாற்றியமைக்காமல் வைத்திருந்தால்தான் அதில் விண்டேஜ் என்று பதிய முடியும். டீசல் போட்டிருந்தால் அந்த வாசல் அடைபட்டிருக்கும்.

போன ஆனியில் கூரையை மடக்கிவிட்டு, விக்கிரமசிங்கபுரம் வழியாகப் பாபநாசம் போனோம். கோயில் முன்னால் பெரியம்மா இறங்கி, பழக்கத்தில் இடது கதவை இரண்டு கையாலும் தூக்கப் போனாள். அது அதற்குள் தானாகப் போய் மூடிக்கொண்டது. திரும்பத் திறந்து, இன்னொரு தடவை மூடிப் பார்த்தாள்.